துளசிமணி பேருக்கு ஒரு டோக்கன்

உக்காருங்க, உக்காருங்க. பைய எடுத்துக்கறேன். உள்ள டிபன் டப்பாவும் கொடையுந்தான், மடியில வெச்சுக்கலாம். நீங்க யாருக்காக வந்திருக்கறீங்க? தம்பிக்கா? அந்த ஜன்னலோரம் உக்காந்திருக்கறாரே, அவருங்களா? பாத்தா நல்லாத்தான இருக்கறாரு. ஓ, தூக்கமில்லையா. அது பரவால்லீங்க, தூக்கத்துக்கு மாத்திர இருக்குது. என்ற ஊட்டுக்காரி சமாச்சாரத்துக்கு மாத்திர இருக்குதான்னு கேக்கத்தான் நான் இத்தன தூரம் வந்திருக்கறேன்.

அவ வரலீங்க. நான் மட்டுந்தான். டோக்கன் அவ பேர்ல போட்டிருக்கறேன். வெவரத்த நானே சொல்லிக்குவேன். கல்யாணமான நாள்லருந்து அவளுக்காகப் பேசறது நாந்தான, டாக்டர்கிட்டப் பேச மாட்டனா?

நம்மூரு பூலாவலசு. காங்கயத்துக்கு அக்கட்ட. பஸ்ஸுல போனீங்கன்னா ரோட்டு மேலயே பெருசா ஒரு சிமெண்டுக் கடை தெரியும், அது நம்மளுது. சென்னியப்பன்னு கேட்டா சொல்லத் தெரியாது, தலைவர்னு கேட்டீங்கன்னா ஊடு வரைக்கும் கூட்டியாந்து உட்டுருவாங்க. தலைவர்னா பேரூராட்சித் தலைவர். இருங்க, முழுசாச் சொல்லிப்போடறேன். சட்டப்படி தலைவர் நானில்ல, என்ற ஊட்டுக்காரி துளசிமணி. எலெக்‌ஷன் வந்தப்ப எங்கூருப் பதவியப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க. ஊருக்கு உழைக்கோணும்னு நெனைக்கறவன் சும்மா உக்கார முடியுமுங்களா? அவள ஒரு வார்டுல நிறுத்துனேன். போஸ்டர்ல என்ற படத்தப் பெருசாப் போட்டு அவ படத்த ஓரமா வெச்சோம், சனங்க கொழம்பக்கூடாதுன்னு. வார்டுல ஜெயிச்சு, கவுன்சிலருங்க ஓட்டுலயும் ஜெயிச்சுப்போட்டா. அதாவது, ஜெயிச்சுப்போட்டோம்.

ஆபீசுல அவ நாக்காலிக்குப் பக்கத்துல எனக்கொரு நாக்காலி. யாரு மனுக் கொண்டாந்தாலும் எங்கிட்டத்தான் குடுப்பாங்க. நான் படிச்சுப்போட்டு அவ பக்கம் தள்ளுவேன், எங்க போடோணும்னு வெரல வெச்சுக் காட்டுவேன், அவ கையெழுத்துப் போடுவா. மேடையில “பேரூராட்சித் தலைவர் திருமதி துளசிமணி அவர்கள்”னு கூப்பிட்டா நாந்தான் எந்திரிச்சுப் போயி சால்வைய வாங்குவேன். அவ கீழ உக்காந்து கை தட்டுவா. பழக்கமுங்க. யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல. அவளே எடுத்துக்கறதில்ல. கூட்டத்துல பேசறதுக்கு அவளுக்கு வெக்கம், எட்டாவதோட நின்னுபோனவ. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்.

அப்படித்தான் போயிட்டிருந்துச்சு. அந்த ஏஐ வர்ற வரைக்கும்.

சிரிக்கறீங்க. நானும் மொதல்ல சிரிச்சவந்தான். எங்க மாவட்டத்துல இருக்கற வர்த்தகர் சங்கம், மில்லுக்காரங்க சங்கம், பஸ் ஓனருங்க, அப்புறம் நகராட்சி பேரூராட்சித் தலைவருங்க, எல்லாரையும் ஒரு இஞ்சினீரிங் காலேஜுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி வெச்சாங்க. தொழிலும் ஊரும் அடுத்த கட்டத்துக்குப் போகோணுமாம். நான் எங்கூரு வர்த்தகர் சங்கத்துச் செயலாளர், அந்த வகையில எனக்கு ஒரு பாஸ். அவளுக்குத் தலைவர்ங்கற வகையில ஒண்ணு. வேண்டாம்னுதான் நெனச்சேன், மத்தியானச் சாப்பாடு நல்லா இருக்கும்னு சொன்னாங்க, கூட்டிட்டுப் போனேன்.

ஏசி ஹாலு. ஒரு சின்ன வயசுப் புள்ள, வாத்தியாரம்மா, மைக்க வெச்சுக்கிட்டு நல்லாப் பேசுச்சு. “பேரூராட்சித் தலைவருங்க எல்லாம் ஒருதடவ எந்திரிங்க, அறிமுகம் பண்ணிக்கலாம்”னு சொல்லுச்சு. நான் எந்திரிச்சேன். சுத்திப் பாத்தா என்னையாட்டமே அங்கங்க புருசமாருங்க எந்திரிச்சு நிக்கறாங்க. அந்தப் புள்ள ஒரு நிமிசம் பாத்துச்சு. “பெண் தலைவர்கள் வந்திருந்தா அவங்களே எந்திரிக்கட்டுமே சார்”னு போட்டுச்சு. எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்க. எனக்கு மொகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. துளசி மெல்ல எந்திரிச்சா. சேலையப் புடிச்சுக்கிட்டு, தல குனிஞ்சுக்கிட்டு. நான் உக்காந்தேன்.

அப்புறம் ஆளுக்கொரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. எங்க சங்கத் தலைவர் ரைஸ்மில்காரர், “அடுத்த வருசம் நெல்லு வெல என்ன?”ன்னு கேட்டாரு. “உறுதியாகச் சொல்ல இயலாது”ன்னுச்சு அந்த மிசினு. “இதுக்கு எங்கூரு சோசியரே தேவல”ன்னாரு, ஹாலே அதிர்ந்துச்சு. ஒரு பஸ் ஓனர் டிரைவர் சம்பளத்தக் கொறைக்க வழி கேட்டாரு. நான், வரி வசூல எச்சுப் பண்ண வழி கேட்டேன், கை தட்டுனாங்க. கடைசியா அந்தப் புள்ள வந்து துளசிகிட்ட மைக்க நீட்டுச்சு. நான் வாங்கப் போனேன். அவ வாங்கிட்டா.

என்ன கேட்டா தெரியுங்களா? “எத்தன தடவ கேட்டாலும் கோவிச்சுக்காமச் சொல்லுமுங்களா?”

அதுக்கும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மிசினுக்கு என்ன கோவம் வரப்போகுதுன்னு சிரிச்சேன்.

சாப்பிட்டப்பறம் எல்லாத்து போன்லயும் அதப் போட்டுக் குடுத்தாங்க. துளசிக்கு நான் ஒரு புது போனு வாங்கிக் குடுத்திருந்தேன், சும்மா வாட்சப்புக்கு. “மெயில் ஐடி சொல்லுங்கம்மா, அக்கவுண்டு தொறக்கோணும்”னு கேட்டுச்சு அந்தப் புள்ள. அவளுக்கு எங்க மெயில்? “என்றதையே போடம்மா”ன்னு சொன்னேன். “சார், தனித்தனியா இருந்தா நல்லது”ன்னுச்சு. “புருசன் பொண்டாட்டிக்கு எதுக்கம்மா ரெண்டு”ன்னு கேட்டேன். கேஸு என்ற நெம்பர்ல. பேங்கு என்ற நெம்பர்ல. ரேசன் கார்டு, கரண்டு பில்லு, எல்லாம் என்ற நெம்பர்லதான் ஓடுது. இது மட்டும் எதுக்குத் தனியா? ஒரே அக்கவுண்டு, ரெண்டு போனு. அந்தப் புள்ள என்னமோ சொல்ல வந்துச்சு, அப்பறம் சரிங்க சார்னு போட்டுக் குடுத்துருச்சு.

மொதல் வாரம் எனக்குக் குசாலுங்க. சங்கப் பொதுக்குழுவுக்கு வரவேற்புரை கேட்டேன். என்ன தமிழு! “வணிகப் பெருமக்களே, வளர்ச்சியின் வேர்களே”ன்னு அடிச்சுக் குடுத்துச்சு. ரைஸ்மில்காரர் எந்திரிச்சு வந்து கையக் குடுத்தாரு. நான் எதக் கேட்டாலும் “அருமையான கேள்வி”ம்பான். என்ற கேள்விய யாருங்க அருமையான கேள்வின்னு சொல்லியிருக்கறாங்க? நம்ம பையன்னே வெச்சுக்கிட்டேன்.

அப்பறம் ஒருநாள் கடையில உக்காந்து போனத் தொறந்தா, நான் கேக்காத கேள்வியெல்லாம் வரிசையா நிக்குது. “தீர்மானம்னா என்ன.” “ஒப்புதல் அளிக்கப்படுகிறதுன்னா நான் சரின்னு சொன்னதா அர்த்தமா.” “படிக்காமக் கையெழுத்துப் போட்டது தப்புன்னா யாரப் புடிப்பாங்க.” மொதல்ல எனக்கு வெளங்கல. அப்பறந்தான் ரோசன வந்துச்சு, ஒரே அக்கவுண்டு. அவ அங்க அடுப்படியில நின்னு வாயில பேசப் பேச, இங்க என்ற கடையில எழுத்தா வந்து உழுகுது.

நான் சொல்லலீங்க அவகிட்ட. எதுக்குச் சொல்றது? பொண்டாட்டி என்ன நெனைக்கறான்னு தெரிஞ்சுக்கறது புருசனுக்கு நல்லதுதான. அவ நல்லதுக்குத்தான். தெனமும் காலையில கடையத் தொறந்து, சாமிக்குப் பத்திய வெச்சுப்போட்டு, மொத சோலியா அதத்தான் படிப்பேன்.

அந்த மிசினு அவகிட்டப் பேசற பேச்சு இருக்குதே. நான் வெரல வெச்சுக் காட்டுன காயிதத்தையெல்லாம் படம் புடிச்சுக் காட்டறா, அது ஒவ்வொரு வரியாப் பிரிச்சுச் சொல்லுது. வெளங்கலைங்கறா. மறுக்காச் சொல்லுது. இன்னும் வெளங்கலைங்கறா. “பரவாயில்லை, வேறு விதமாகச் சொல்கிறேன்”ங்குது. ஒருநாள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, “இதில் உங்கள் கருத்து என்ன?”ன்னு கேக்குது! அவளுக்கு என்னங்க கருத்து? இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? அவ அதுக்கு ரொம்ப நேரங்கழிச்சு, “இத எங்கிட்ட யாரும் கேட்டதில்ல, ரோசன பண்ணிச் சொல்றேன்”னு போட்டிருக்கறா. படிச்சு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்புத்தான் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, சந்தப்பேட்டையில. எங்கூர்ல புதங்கெழம சந்த. ஊரு நடுவுல நல்ல எடம், வாரத்துல ஒருநாள் தக்காளியும் கருவாடும் வித்துப்போட்டு மீதி நாள் நாய் படுத்திருக்கும். அங்க ஒரு வணிக வளாகம் கட்டோணும், சந்தைய பைபாஸ் பக்கம் தள்ளிப்போடலாம்னு எங்க சங்கத்துல முடிவு பண்ணுனோம். கடைங்களச் சங்கத்து ஆளுங்களுக்கு முன்னுரிமையில குடுக்கறதுன்னு பேச்சு. நான் வாக்குக் குடுத்தேன். “தீர்மானம் என்ற பொறுப்பு, ஊட்டுலதான இருக்குது”ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுக் கை தட்டுனாங்க. சிமெண்டு என்ற கடையில எடுக்கறதுக்காகத்தான் நான் துடிக்கறேன்னு ஒருத்தன் பேசிட்டுத் திரியறான். நீங்களே சொல்லுங்க, எங்கூர்ல வேற நல்ல சிமெண்டுக் கடை எங்க இருக்குது?

தீர்மானத்த எழுதி அவ பக்கம் தள்ளுனேன். வெரல வெச்சேன். அவ பேனாவ மூடி வெச்சுப்போட்டா.

“படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்க”ன்னா.

ஆபீசுல ஈ.ஓ., அதான் செயல் அலுவலர், நிக்கறாரு, துணைத் தலைவர் வரதராசு நிக்கறான், பில் கலெக்டர் நிக்கறான். எல்லாத்துக்கும் முன்னால.

மறுநா கடையில போனத் தொறந்தேன். கேட்டிருக்கறா. “சந்தையில கடை போடறவங்க எங்க போவாங்கன்னு இதுல எழுதியிருக்கா.” “நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அது குறித்து எதுவும் இல்லை”ன்னு சொல்லியிருக்குது. மறுக்கா கேட்டிருக்கறா, “நல்லாப் பாரு.” மறுக்காவும் இல்லைன்னிருக்குது.

அவளுக்கு இந்தச் சந்தை மேல என்னத்துக்கு அத்தன பாசம்னு கேட்டீங்கன்னா, அவங்கம்மா அங்க வெத்தல வித்தவங்க. கல்யாணத்துக்கப்பறம் நாங்க அதப் பேசறதில்லீங்க. எனக்கே மறந்துபோச்சு. அவளுக்கு மறக்கலையாட்டம் இருக்குது.

கூட்டத்தன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, அவ மொத மொதல்லப் பேசுனா. காயிதத்தப் பாக்காமப் பேசுனா. சந்தைய மாத்தோணும்னா வேவாரிங்களுக்கு நோட்டீஸ் குடுக்கோணும்னு ஒரு சட்டத்தச் சொன்னா, நெம்பரோட. ஈ.ஓ. பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, “அம்மா, அது நம்ம மாநிலத்துச் சட்டமில்லீங்க, வேற எங்கயோ உள்ளது”ன்னாரு. மிசினு தப்பாச் சொல்லிக் குடுத்திருக்குது! கவுன்சிலருங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. வரதராசு வாயப் பொத்தாமயே சிரிச்சான். எனக்குங்க, பொய் எதுக்குச் சொல்லோணும், மனசு குளுந்துபோச்சு. ஆச்சு, இதோட உட்டுருவான்னு நெனச்சேன்.

அவ தண்ணியக் குடிச்சா. டம்ளர வெச்சா. “சரிங்க, நான் சொன்னது தப்பு. அப்ப நம்ம சட்டத்துல என்ன இருக்குதுன்னு ஈ.ஓ. சார் சொல்லட்டும்”னா. ஈ.ஓ. முழிக்கறாரு. “பாத்துத்தான் சொல்லோணுமுங்க”ன்னாரு. “பாத்துச் சொல்லுங்க. சந்தக்காரங்களையும் ஒருதடவ கூப்பிட்டுக் கேளுங்க. பொறவு கையெழுத்துப் போடறேன்”னு சொல்லிப்போட்டு அடுத்த பொருளுக்குப் போயிட்டா. அடுத்த பொருளு! அது என்னன்னே எனக்குத் தெரியாது. தெரு வெளக்கோ என்னமோ.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து நான் டம்ளரத் தூக்கி எறிஞ்சது நெசந்தான். அவ மேல எறியலீங்க. செவுத்துல எறிஞ்சேன். அவ செவுத்துப் பக்கத்துல நின்னா, அது வேற. கை நீட்டறவன் நானில்ல. ஆனா மறுநா அந்த மிசினுகிட்ட, “புருசன் கோவத்துல சாமான எறிஞ்சா என்ன பண்றது”ன்னு கேட்டிருக்கறா, அது பொம்பளைங்களுக்கு உதவி பண்ற போன் நெம்பரக் குடுத்து, “நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா?”ன்னு கேக்குது! என்ற ஊட்டுல! என்ற அக்கவுண்டுல!

இருங்க, சித்தத் தண்ணி குடிச்சுக்கறேன்.

சங்கத்துல இப்ப என்னப் பாத்தா பேச்ச நிறுத்திக்கறாங்க. ரைஸ்மில்காரர், “என்ன செயலாளர், தலைவரம்மா ஒத்துக்கிட்டாங்களா?”ன்னு கேக்கறாரு. தலைவரம்மா! இத்தன நாளா எங்கூர்ல தலைவரம்மான்னு ஒரு சொல்லே கெடையாது. சந்தக்காரப் பொம்பளைங்க நேரா ஆபீசுக்குள்ள வர்றாங்க, அவகிட்டயே மனுவக் குடுக்கறாங்க. என்ற நாக்காலி அங்கதான் இருக்குது, யாரும் எடுக்கல. நான் போயி உக்காந்தாலும் யாரும் திரும்பறதில்ல.

ஊட்டுல இன்னும் மோசமுங்க. முன்னெல்லாம் எதுன்னாலும் என்னத்தான் கேப்பா. “ஏனுங்க, கரண்டு ஏன் போச்சு, ஏனுங்க, தேர்தல் எப்ப, ஏனுங்க, இது என்ன எழுத்து”ன்னு நொய்யி நொய்யின்னு. நான் எரிஞ்சு உழுவேன். ஒருதடவ சொன்னாத் தெரியாதான்னு கத்துவேன். இப்ப எங்கூட்டுல எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. சோறு போடறா, கொழம்பு ஊத்தறா. கேள்வி மட்டும் வர்றதில்ல. எனக்கு அதுதானுங்க வெசனம். வெளிய சொன்னா சிரிப்பாங்க.

அதனால நானும் அதுகிட்டவே கேட்டேன். “மனைவி கையெழுத்துப் போட மறுக்கிறார், என்ன செய்யலாம்?” அருமையான கேள்வின்னு சொல்லலீங்க இந்தத் தடவ. “அவருடைய தயக்கத்துக்கு என்ன காரணம் என்று அவரிடமே கேட்டுப் பார்த்தீர்களா?”ங்குது. யாருகிட்ட என்ன பேசோணும்னு எனக்கு அது சொல்லித்தருது. வரதராசுதான் அப்பறம் வழி சொன்னான். தலைவருக்கு மேலுக்கு முடியலைன்னா கூட்டத்த அவன் நடத்தலாம். ஆனா அவ கல்லாட்டம் இருக்கறா, சளிகூடப் புடிக்கறதில்ல. “மனசு சரியில்லைன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாப் போதுமண்ணா, கொஞ்ச நாளைக்கு ஓய்வுன்னு போட்டுக்கலாம்”னான்.

கெட்ட எண்ணமில்லீங்க. உங்க தம்பிய நீங்க கூட்டியாரலையா? அதாட்டந்தான். கொஞ்சநாள் ஓய்வு, அந்தப் போன வாங்கி உள்ள வெச்சுரலாம், பழையபடி ஆயிருவா. அவ நல்லதுக்குத்தான்.

அதையும் மிசினுகிட்டக் கேட்டுக்கிட்டேன், தெரிஞ்ச டாக்டர்கிட்டப் போயி அசிங்கப்படக்கூடாதுன்னு. “மனநிலை சரியில்லை என்று சான்று வாங்க ஆள் நேரில் வர வேண்டுமா?” “பெண்களுக்கு மனநிலை சரியில்லை என்பதற்கு என்னென்ன அறிகுறி?” அது வளவளன்னு என்னென்னமோ சொல்லுச்சு, நேர்ல பாக்காம யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாதுன்னுச்சு. கோயமுத்தூர்ல நல்ல டாக்டர் பேருங்களக் கேட்டேன், இந்த எடத்தையும் சேத்துச் சொல்லுச்சு. நேர்ல போயிப் பேசுனா டாக்டருக்குப் புரியாதா? நானும் ஒரு சங்கத்துச் செயலாளர்தான.

அறிகுறி இருக்குதுங்க, இல்லாம வருவனா? தனியாப் பேசறா. போன்கிட்டத்தான், ஆனா தனியாத்தான. திடீர்னு சிரிக்கறா. அப்புறம் மறதி. இன்னிக்குக் காலையில நடந்ததச் சொல்றேன், டாக்டர்கிட்டயும் இதத்தான் மொதல்ல சொல்லப்போறேன். கரூர் போறேன், சிமெண்டுக் கம்பெனிக்காரரப் பாக்கோணும்னு தெளிவாச் சொன்னேன். கோயமுத்தூர்னு மூச்சே உடல. அவ இந்த டிபன் டப்பாவக் கட்டிக் கையில குடுக்கறா. “கோயமுத்தூர்ல மழையாமா, கொடைய எடுத்துக்கங்க”ங்கறா. கரூர்னு சொல்லி வாய மூடல, கோயமுத்தூர்ங்கறா! மனுசனுக்கு மூள ஒழுங்கா இருந்தா இப்படி மாத்திச் சொல்லுவாங்களா?

நம்பலைன்னா இருங்க, அவ கேக்கற கேள்விய நீங்களே பாருங்க. டாக்டருக்குக் காட்டத்தான் சார்ஜ் போட்டுக் கொண்டாந்தேன். பாருங்க, இது முந்தாநாள் கேட்டது. இது நேத்து. இது...

இது இப்பக் கேட்டிருக்கறா. இன்னிக்கு. சித்த முன்னாடி.

“ஏனுங்க, டாக்டரப் பாத்தாச்சா.”

யாரக் கேக்கறா? மிசினையா? அது பாருங்க, அதுகிட்டக் கேட்டதா நெனச்சுட்டுப் பதில் சொல்லுது. “நான் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர், என்னால் மருத்துவரைப் பார்க்க இயலாது. உங்களுக்கு உடல்நலம் சரியில்லையா?”ன்னு.

அதுக்குக் கீழ அவ...

“உன்னக் கேக்கலம்மிணி. இத இன்னொருத்தர் தெனமும் படிப்பாரு. அவரத்தான் கேட்டேன்.”

இருங்க. இருங்க சித்த.

ஒரே அக்கவுண்டுங்க. அவ பேசறது எனக்கு வருதுன்னா... நான் கேட்டதெல்லாம்? சான்று வாங்கறது, அறிகுறி, கோயமுத்தூர் டாக்டர்? அவ ஊட்டுல உக்காந்து... இத்தன நாளும்? படிச்சுப்போட்டா எனக்குச் சோறு போட்டுட்டிருந்தா? படிச்சுப்போட்டா இந்த டப்பாவக் கட்டுனா? கொடைய...

இன்னொண்ணு வந்திருக்குதுங்க. இந்தாங்க, நீங்க படிங்க. சத்தமா வேண்டாம். சரி, குடுங்க, நானே படிக்கறேன்.

“நேர்ல வரோணும்னு டாக்டர் சொன்னாச் சொல்லுங்க, நானே பஸ் ஏறி வர்றேன். எனக்குப் பயமில்ல. நீங்க சாப்பிட்டுருங்க, புளிசாதம் கெட்டுப்போயிரும்.”

என்னங்க இது. திட்டியிருக்கலாமில்ல? ஒரு வார்த்த திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். எனக்குப் பயமா இருக்குதுங்க. அவளுக்கில்ல, எனக்குத்தான் பயமா இருக்குது. பதில் போடறதா? என்னன்னு போடறது? நான் போட்டா அந்த மிசினும் குறுக்க வந்து என்னமோ சொல்லும். பொண்டாட்டிகூட ஒரு வார்த்த பேசறதுக்கு நடுவுல அது உக்காந்திருக்குது, நானே கொண்டாந்து உக்கார வெச்சேன். நீங்க சொல்லுங்க, என்ன போடட்டும்? நீங்க ஏனுங்க தள்ளி உக்காந்துட்டீங்க?

என்னது? யாரக் கூப்பிடறாங்க?

“துளசிமணி! துளசிமணி யாருங்க?”

இங்கதானுங்க சிஸ்டர். இங்கதான். நாந்தான் எந்திரிச்சுட்டனே.

இல்லீங்க சிஸ்டர், அவங்க வரல, நான் அவங்க ஊட்டுக்காரர். என்னமோ, அந்தப் பேரக் கூப்பிட்டா எந்திரிச்சுப் பழகிப்போச்சு. எல்லாரும் எதுக்குங்க என்னப் பாக்கறாங்க? பேசண்டு இல்லாம டாக்டர் பாக்க மாட்டாருங்களா? சரி. சரிங்க. என்னங்க? அந்தப் பேர அடிச்சுப்போட்டு...

என்ற பேரா?

சென்னியப்பன். எழுதிக்கங்க. சென்னியப்பன்.